கொட்டகைக்கு வந்த விமானத் துண்டு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கில் ஒரு செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுப் பின்புறக் கொட்டகையில் டைகர் மோத் என்ற 1930களின் ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம் ஒன்றின் உடற்கூடும் நான்கு இறக்கைகளும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணையிலிருந்து பெட்டிகளில் வந்தவை. உரிமையாளர் வேறொருவர், உழைப்பு மட்டும் என்னுடையது. இந்தச் செய்தி சுற்றுத் தோட்டங்களில் பரவிய நாள் முதல், மாதத்துக்கு ஒருவராவது பழைய இரும்புத் துண்டோடு வாசலில் வந்து நிற்கிறார். "ஐயா, இது ஜப்பான்காரன் காலத்து விமானம்தானே?" என்று கேட்கிறார்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "எங்கே கிடந்தது தம்பி? பக்கத்தில் என்ன கிடந்தது?" இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் பிறந்த ஈரடுக்கு இறக்கை விமானங்களைப் பொறுத்தவரை, பழுதில் பாதியைச் சொல்லிவிடுவது அது கிடந்த இடம். கீழே உள்ளதை அந்தக் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள்.

அறிகுறி: துண்டு கையில் இருக்கிறது, விமானமா இல்லையா என்று தெரியவில்லை

முதலில் கம்பித் தூரிகையைக் கீழே வையுங்கள். துரு நீக்கும் திரவமும் வேண்டாம். துருவுக்கும் வண்ணத்துக்கும் அடியில்தான் எழுத்து இருக்கும். ஒருமுறை ஓர் இளைஞர் ஒரு தகட்டைக் கண்ணாடிபோலத் தேய்த்துக்கொண்டு வந்தார். அதில் என்ன பொறித்திருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. தண்ணீரும் மென்மையான பல் தூரிகையும் போதும்.

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாத, எடை குறைந்த உலோகம் என்றால் அலுமினியக் கலவையாக இருக்கலாம். விமானத்துக்கு அது நல்ல அறிகுறி. ஆனால் ஒட்டுகிறது என்பதற்காகத் தூக்கி எறியாதீர்கள். 1930களின் விமானங்களில் எஃகுக் குழாய் ஏராளம்.

பிறகு நட்டுக்கு ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் பிரிட்டிஷ் பொருள், மில்லிமீட்டர் அளவு உட்கார்ந்தால் பெரும்பாலும் ஜப்பானியப் பொருள். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. துரைமார் காலத்து ரப்பர் ஆலை இயந்திரங்கள் எல்லாமே விட்வொர்த்தான். என்னிடம் வந்த "விமான எஞ்சின்களில்" மூன்று, பால் தகடு அழுத்தும் உருளை இயந்திரத்தின் பற்சக்கரப் பெட்டிகள். ஆகவே அடுத்து முத்திரையைத் தேடுங்கள். பிரிட்டிஷ் விமான உறுப்பு என்றால் அரிசி அளவில் ஆய்வாளரின் முத்திரை, ஏ.ஐ.டி. (பிரிட்டிஷ் விமான ஆய்வுத் துறை) என்ற எழுத்துகளோடு எங்காவது குத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. வரைபட எண் நீளமாக இருக்கும். ஜப்பானியத் தகடு என்றால் சித்திர எழுத்துகளே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது. குழாய்ச் சட்டமும் துணி மிச்சமும் கண்டால் உடனே ஈரடுக்கு இறக்கை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான மலாயா அவசரகாலத்தில் இந்த நாட்டுக் காடுகளுக்கு மேல் ஆஸ்டர் என்ற சிறு வேவு விமானங்கள் ஓயாமல் பறந்தன. அதற்கும் எஃகுக் குழாய்ச் சட்டம், துணிப் போர்வை. ஆனால் இறக்கை ஒரே அடுக்கு. குழாய்களின் இணைப்பைப் பாருங்கள். பற்றவைத்த இணைப்பு என்றால் ஆஸ்டராகவும் இருக்கலாம், டைகர் மோத்தாகவும் இருக்கலாம். உருண்டைக் குழாயின் முனை மட்டும் சதுரமாக அழுத்தப்பட்டு, இருபுறமும் தகடு வைத்துப் போல்ட் போட்டிருந்தால், உட்கார்ந்து மூச்சு விடுங்கள். அது ஹாக்கர் நிறுவனத்தின் கட்டுமுறை. 1936இல் சிங்கப்பூரில் தொடங்கிய நீரிணைக் குடியேற்றத் தொண்டர் விமானப்படை ஹாக்கர் ஆடக்ஸ் என்ற ஈரடுக்கு இறக்கை விமானங்களைத்தான் ஓட்டியது. அதனால் அப்படி ஒரு துண்டு இந்தப் பக்கம் வருவது நடக்கவே நடக்காத காரியம் இல்லை. என் கைக்கு இன்னும் வரவில்லை.

எஞ்சின் கிடைத்திருந்தால் சிலிண்டரை எண்ணுங்கள். வட்டமாக ஒன்பது சிலிண்டர், ஒவ்வொரு தலையிலும் நான்கு வால்வு, வெளியே தள்ளுகம்பிகள் என்று இருந்தால் அது பிரிஸ்டல் பெகாசஸாக இருக்கலாம். விக்கர்ஸ் வில்டெபீஸ்ட் என்ற பழைய டார்பிடோ விமானத்தின் எஞ்சின் அது. பதினான்கு சிலிண்டர் இரண்டு வரிசையாக நின்று, வால்வோ தள்ளுகம்பியோ எங்கும் இல்லை என்றால் பிரிஸ்டல் டாரஸாக இருக்கலாம். அது அல்பகோர் விமானத்துடையது. ஒன்பது சிலிண்டர், தலைக்கு இரண்டே வால்வு என்றால் சில ஹட்சன் விமானங்களில் இருந்த ரைட் சைக்ளோனைச் சந்தேகியுங்கள். ஹட்சன் ஒற்றை இறக்கை விமானம்.

இந்த மூன்று பெயர்களும் எங்கள் பகுதிக்குக் காரணம் இல்லாமல் வரவில்லை. 1942 ஜனவரி 26 அன்று ஜொகூரின் கிழக்குக் கரையில் எண்டாவில் ஜப்பானியப் படை இறங்கியபோது, சிங்கப்பூரின் செலேத்தார் விமானத் தளத்திலிருந்து 36, 100 ஆகிய எண்கள் கொண்ட அணிகளின் வில்டெபீஸ்டுகளும் சில அல்பகோர்களும், வேறு தளத்திலிருந்து ஹட்சன்களும் பகல் வெளிச்சத்தில் குண்டுகளோடு போயின. வில்டெபீஸ்ட் முதலில் பறந்தது 1928இல். அதை எதிர்த்து நின்றவை புதுக்காலப் போர் விமானங்கள். போன வில்டெபீஸ்டுகளில் பாதியளவு திரும்பவில்லை. மெர்சிங் சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் வலப்பக்கக் காட்டைப் பார்த்தபடியே போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதனால் ஓர் எச்சரிக்கை. குண்டு வடிவில் எதுவும் தெரிந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், படம் எடுக்கக் குனியவும் வேண்டாம். காவல்துறையைக் கூப்பிடுங்கள், வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு வரும். எலும்பு, காலணி, பாராசூட் கொக்கி என்று ஏதாவது தெரிந்தாலும் மண்வெட்டியை அங்கேயே நிறுத்திவிட்டுக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். மண்ணிலிருந்து எடுத்த பழம்பொருளை அறிவிக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம். மாவட்ட அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வருவது, பின்னால் இரும்புக் கடைக்காரரோடு சண்டை போடுவதைவிட எளிது.

அறிகுறி: தாத்தா காட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை

தாத்தா பொய் சொல்லவில்லை. தோட்டம்தான் இடம் மாறிவிட்டது.

அவர் "பதினெட்டாம் நம்பர் காட்டில் விழுந்தது" என்பார். அது ரப்பர் நின்ற காலத்து நம்பர். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். நடும்போது காட்டைப் பிரித்து வேறு நம்பர் போட்டார்கள். சரிவுகளைப் படி வெட்டினார்கள். செம்பனையும் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை சாய்க்கப்பட்டு மறுபடி நடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் புல்டோசர் அந்த மண்ணைப் புரட்டியிருக்கிறது. ஆகவே நம்பரை விட்டுவிட்டு, மாறாதவற்றைக் கேளுங்கள்: ஆறு எந்தப் பக்கம் இருந்தது, கோயிலிலிருந்து எவ்வளவு நேரம் நடந்தீர்கள், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து புகை தெரிந்ததா, காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கு) முன்பா பின்பா? கடைசிக் கேள்வி நேரத்தைத் தரும். நேரம் கிடைத்தால் எந்த அணியின் விமானம் என்பதை நெருங்கலாம்.

காகிதத்தில் தேடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற தொகுப்பில் அணிகளின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. ஆனால் சிங்கப்பூர் விழுந்தபோது பல ஏடுகள் அழிந்துபோனதால் 1942 தொடக்கப் பக்கங்கள் மெலிந்தே இருக்கும். விபத்துக்குள்ளான விமானங்களுக்கு 1180 என்ற எண் கொண்ட அட்டைகள் உண்டு. அவை பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. விமானத்தின் தொடர் எண் தெரிந்தால் வேலை பாதியாகும். 1930களின் பிரிட்டிஷ் எண் பெரும்பாலும் கே என்ற எழுத்தும் நான்கு இலக்கமும். அதற்குப் பிந்தியவை எல், என், பி என்று போகும்.

அறிகுறி: எஞ்சின் கிடைத்தது, இறக்கை கிடைக்கவில்லை

இது பழுதே இல்லை. நம் ஊர் ஈரத்தில் மரமும் துணியும் சில ஆண்டுகளிலேயே மண்ணாகும், மெல்லிய எஃகுக் குழாய் சில பத்தாண்டுகளில். வார்ப்பு உறுப்புகள், சிலிண்டர்கள், புரொப்பெல்லர் மையம், துருப்பிடிக்காத எஃகுத் துண்டுகள் ஆகியவைதான் தங்கும். உலகில் தப்பியவை எங்கெல்லாம் தப்பின என்று பாருங்கள். 1938இல் ஆப்கானிஸ்தானுக்குப் போன ஹாக்கர் ஹிண்ட் விமானங்களில் ஒன்று, 1970களின் தொடக்கத்தில் காபூலிலிருந்து தரை வழியாக லாரியில் இங்கிலாந்து சேர்ந்து, 1981இல் ஷட்டில்வொர்த் சேகரிப்பின் விமானமாக மறுபடி பறந்தது. வறண்ட மலைக்காற்று காப்பாற்றியது. நார்வேயில் உறைந்த ஏரியிலிருந்து போரிட்ட கிளாடியேட்டர் என்ற ஈரடுக்குப் போர் விமானம் ஒன்றின் உடற்கூடு, ஏரிக்குள் மூழ்கிக் கிடந்து மீண்டது. குளிர்ந்த நன்னீர் காப்பாற்றியது. டில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தின் வாப்பிட்டி என்ற ஈரடுக்கு விமானம் கூரைக்குக் கீழே நிற்கிறது.

நம் வில்டெபீஸ்டோ, முழுதாக ஒன்றுகூட உலகில் இல்லை. நியூசிலாந்தில் விக்ரம் என்ற இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகம், அதன் மிச்சங்களையும் அதன் உடன்பிறப்பான வின்சென்டின் மிச்சங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. ஆகவே உங்கள் தோட்டத்தில் ஒரு பெகாசஸ் சிலிண்டர் கிடைத்தால், "இறக்கை எங்கே?" என்று புலம்பாமல், அறிவித்துவிட்டுப் பத்திரமாக வையுங்கள். அங்கே மீட்பவர்களுக்கு அளவெடுக்க ஒரு சிறு தாங்கி கிடைத்தாலும் பொன்.

அறிகுறி: அலுமினியத்தில் வெள்ளை மாவு, இரும்பில் செதில் செதிலாகத் துரு

இங்கே என் முதல் கேள்வியின் இரண்டாம் பாதியைக் கேளுங்கள். பக்கத்தில் என்ன இருந்தது?

தோட்டங்களில் பழைய பொருள் எப்போதும் இரண்டு இடங்களில்தான் போய்ச் சேரும். ஒன்று உரக் கிடங்கு. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒரு குளோரைடு உப்பு. ஈரக் காற்றை உறிஞ்சிக் கசியும். அலுமினியக் கலவைக்கு அதைவிடக் கொடிய எதிரி இல்லை. மேலே மாவு மட்டும் என்றால் பிழைக்கலாம். விரல் நகத்தால் கீறும்போது தகடு புத்தகத் தாள் போலப் பிரிந்தால், உள்ளேயே அடுக்கடுக்காக அரித்துவிட்டது என்று பொருள். அது இனி மாதிரிக்குத்தான் ஆகும், சுமைக்கு ஆகாது. இரண்டாவது இடம் பழைய ரப்பர் ஆலை. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தின் ஆவி, மூடிய அறையில் நெடுநாள் நின்று இரும்பைத் தின்றுவிடும். அந்த அறையிலிருந்து வந்த எஃகுக் குழாய் வெளியே சும்மா இருந்தாலும் உள்ளே சல்லடையாகியிருக்கலாம். நீளமான குழாய்களின் தாழ்ந்த முனையில், வால் சறுக்கு அருகே, நீர் தேங்கும் இடத்தில் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். ஒலி மாறும் இடத்தில் சந்தேகம். மீயொலிக் கருவி கொண்டு சுவர்க் கனம் பார்ப்பவர் ஜொகூர் பாருவில் கப்பல் பட்டறைகள் பக்கம் கிடைப்பார். ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள், நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் உடற்கூட்டில் கீழ்க்குழாய் ஒன்று தள்ளுபடியானது. ஆஸ்திரேலியப் பண்ணையில் அது என்னத்துக்குப் பக்கத்தில் கிடந்ததோ!

முதல் உதவி எளிது. நிறைய நன்னீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சிமெண்டுத் தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். பலகைக்கும் கரையானுக்கும் நடுவில் ஒரு தகரம் போடுங்கள்.

அறிகுறி: மரம் பார்க்க நன்றாக இருக்கிறது, தட்டினால் மந்தமாக ஒலிக்கிறது

அக்கால இறக்கைகளில் பெரும்பாலும் ஒட்டு கேசின் பசை. எங்கள் ஊரில் பால் என்றால் ரப்பர் பால், இது மாட்டுப் பாலிலிருந்து வந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் பூஞ்சைக்கு அது விருந்து. விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்கள், ஸ்பார் என்னும் நெடுங்கட்டையில் ஒட்டும் இடத்தில் மெல்லிய கத்தி முனையை வையுங்கள். முனை தானாக நுழைந்தால், அல்லது பசை பழுப்பு மாவாக உதிர்ந்தால், அந்த ஓர் இணைப்பு மட்டும் பழுது என்று நம்பாதீர்கள். ஒரே கிண்ணத்துப் பசை இறக்கை முழுவதும் போயிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, அனுமதிக்கப்பட்ட செயற்கைப் பசையால் மறுபடி ஒட்ட வேண்டும். இதில் குறுக்கு வழி இல்லை.

ஸ்பார் மாற்ற வேண்டும் என்றால் நண்பர்கள் உடனே மெராந்தி என்பார்கள். மரக்கடை பக்கத்திலேயே இருக்கிறது, ஆசை வருவது இயல்பு. கேட்காதீர்கள். வரைபடம் கேட்பது சிட்கா ஸ்புரூஸ். அதிலும் 15 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நார் சாயக்கூடாது. மரம் வந்த அன்றே வெட்டவும் கூடாது. கொட்டகைக் காற்றோடு பழகட்டும், ஈரமானி ஒரே எண்ணைப் பல நாள் காட்டிய பிறகு ரம்பத்தை எடுங்கள்.

அறிகுறி: டோப் பூசியதும் துணி வெள்ளை பூக்கிறது

டோப் என்பது விமானத் துணியை இறுக்கும் பூச்சு. வெள்ளை பூத்தால் எல்லோரும் அந்தப் பூச்சைக் குறை சொல்கிறார்கள். குற்றம் கடிகாரத்துடையது. டோப்பில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது துணி குளிர்கிறது. குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் பனித்துளியாகி, பூச்சுக்குள் புகுந்து வெள்ளையாகிறது. அந்தப் பூச்சு பலமிழந்தது, மேலே வண்ணம் அடித்து மறைத்தால் பின்னால் உரியும்.

நம் ஊரில் விடிகாலை குளிர்ச்சியாக இருப்பதால் அதுதான் நல்ல நேரம் என்று நினைப்போம். ஈரப்பதம் உச்சத்தில் இருப்பதே அப்போதுதான். வெயில் ஏறிப் பனி போன பிறகு, பத்தரை மணி வாக்கில் தொடங்குங்கள். மதியத்துக்குப் பின் குனோங் லம்பாக் மேல் மேகம் கருத்தால் தூரிகையைக் கழுவிவிடுங்கள். தாமதமாக ஆவியாகும் தின்னரைச் சிறிது சேர்ப்பது உதவும். லேசாகப் பூத்த இடத்தில் அதே தின்னரை மெல்லத் தெளித்தால் பூச்சு இளகி ஈரம் வெளியேறும். போகவில்லை என்றால் சுரண்ட வேண்டியதுதான். எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் டோப் என்றால், கொட்டகைக்குள் ஊதுபத்தி கூடாது. வெள்ளிக்கிழமை பூசையை வாசலுக்கு மாற்றியதற்கு என் மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அறிகுறி: புரொப்பெல்லர் சுற்றும்போது பாதியில் கெட்டியாக நிற்கிறது

டைகர் மோத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின் தலைகீழானது. நான்கு சிலிண்டர்களும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. நெடுநாள் நின்றால் எண்ணெய், பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வழிந்து, கீழே உள்ள சிலிண்டர் தலையில் தேங்கும். எண்ணெயை அழுத்திச் சுருக்க முடியாது. பலம் போட்டுச் சுற்றினால் வளைவது இணைப்புத் தண்டு. சுவிட்சுகள் அணைப்பு, பெட்ரோல் அடைப்பு என்று உறுதி செய்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எண்ணெயை வடியவிடுங்கள். பின்னோக்கிச் சுற்றி விடுவிக்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் எண்ணெய் உறிஞ்சு குழாய்க்குள் போய் அடுத்த ஓட்டத்தில் திரும்பி வரும். சுவிட்ச் அணைந்திருந்தாலும், பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் தரைக்கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் உயிரோடுதான் இருக்கும். புரொப்பெல்லரை எப்போதும் எரியும் அடுப்பாகவே எண்ணுங்கள்.

அறிகுறி: குளிரில் நன்றாக ஓடுகிறது, சூடானதும் நிற்கிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

மேக்னெட்டோ சுருள். பழைய அரக்குக் காப்பு ஈரம் குடித்திருக்கிறது. அடுப்பில் உலர்த்தினால் ஒரு வாரம் ஓடும். புதிய காப்போடு மறுசுற்று செய்வதுதான் தீர்வு.

அறிகுறி: எல்லாம் முடிந்தது, ஒரு பக்க இறக்கை தாழ்கிறது

இறக்கைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை முறுக்குவதற்கு முன் உடற்கூட்டை மட்டம் பிடித்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நடு இறக்கையிலிருந்து வெளியே நோக்கி வரிசையாக அளவெடுங்கள். தாழ்ந்த பக்கத்தின் கம்பியை மட்டும் இழுத்துச் சரிசெய்தால் பழுது எதிர்ப்பக்கத்துக்குக் குடிபோகும். ஒவ்வொரு கம்பி முனையிலும் சோதனைத் துளை இருக்கிறது. அதில் மெல்லிய ஊசி நுழைந்தால் மரை போதிய ஆழம் போகவில்லை, அந்தக் கம்பியில் பறக்கக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை மறக்கிறார்கள். உடற்கூட்டின் குறுக்கே, கீழிறக்கைகளை ஒன்றோடொன்று பிடித்திருக்கும் இழுகம்பிகள் துணிக்கும் தரைப்பலகைக்கும் அடியில் இருக்கின்றன. 2013இல் குவீன்ஸ்லாந்துக் கடற்கரையில் ஒரு டைகர் மோத்தின் இறக்கை வானிலேயே பிரிந்தது அவை முறிந்ததால்தான். இருவர் இறந்தார்கள். அவற்றுக்கு ஆயுள் கணக்கு உண்டு. பழையதைத் துடைத்துப் போடாமல், மூலச் சான்றிதழோடு புதியதை வாங்குங்கள். நான் மாட்டலாம், முறுக்கலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் உரிமம் பெற்ற விமானப் பொறியாளர்தான். பறக்க அனுமதி தர வேண்டியது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

எங்களுக்கு வர வேண்டிய இழுகம்பிகளில் ஒன்று இன்னும் சுங்கத்தில் நிற்கிறது. அது வரும்வரை நான்கு இறக்கைகளும் தகரத்தின் மேல், சுவரில் சாய்ந்தபடிதான் இருக்கும்.